இரசாயனக் கணக்கும் இரண்டு பத்திகளும்

நம்மவரிடையே ஒரு புதிய சாஸ்திரம் பரவியிருக்கின்றது. “இரசாயனம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வராது” என்பதே அந்தச் சாஸ்திரம். அதை இயற்றியவர் யாரென்று எவருக்கும் தெரியாது; ஓதுகிறவர்களுக்கோ குறைவில்லை. ரவாங்கிலிருந்து செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோலக் குபு பாரு வரையிலும், மேற்கே கோல சிலாங்கூர் வரையிலும் உள்ள தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும், நான்காம் படிவத்திற்கு ஏறும் பிள்ளையைப் பார்த்துத் தாய்தந்தையர் இதைச் சொல்லுகின்றனர்; உபாத்தியாயர் சிலரும் சொல்லுகின்றனர்; ஈராண்டு கேட்ட பின்னர் அப்பிள்ளையே தன்னைப் பற்றி அவ்வாறு சொல்லிக்கொள்ளுகின்றது. பத்தாங் காலி என்றால் 1948 டிசம்பரில் பிரிட்டிஷ் துருப்புகள் 24 பேரைச் சுட்டுக் கொன்றதையே வெளியுலகம் நினைக்கும். அக்கணக்கு இன்னும் தீராத கணக்கு. அதை எழுத வல்லவர்கள் இருக்கின்றனர். நாம் எழுதப் புகுந்தது, இதே வட்டாரத்துத் தோட்டங்களில் தீராமல் நிற்கும் மற்றொரு கணக்கு.

இரசாயனத்தில் பிள்ளைகள் அஞ்சி நிற்கும் இடங்கள் இரண்டு. ஒரு பொருளில் இவ்வளவு எடுத்தால் மற்றொன்றில் எவ்வளவு வேண்டும், முடிவில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கின்ற அளவுக் கணக்கு ஒன்று. ஆக்ஸிஜனேற்றமும் ஒடுக்கமும் சேர்ந்து நிகழும் வினைகளுக்குச் சமன்பாடு எழுதுவது மற்றொன்று. பள்ளிக்கூடத்தில் ‘ரெடாக்ஸ்’ என்று வழங்குவது இதுவே. இவ்விரண்டும் கடினம் என்பது பொய். கூட்டலும், பெருக்கலும், வகுத்தலும் அறிந்த எவருக்கும் இவை எட்டும். அப்படியிருக்க அச்சம் எங்கிருந்து வந்தது? கணக்காகக் கற்பிக்க வேண்டியதை மந்திரமாகக் கற்பிப்பதிலிருந்து வந்தது. மந்திரத்தில் பொருள் கேட்பது குற்றம். கணக்கில் பொருள் கேளாதிருப்பதே குற்றம்.

நம்முடைய குறையை முதலில் ஒப்புக்கொள்ளுகின்றோம். 2003 ஆம் ஆண்டில் அரசாங்கம் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கத் தொடங்கிற்று. 2012 முதல் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. அந்த இடைக்காலத்தில் ஆங்கிலத்தில் இரசாயனம் படித்தவர் நாம். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி நீராவதற்கு “இரண்டு, ஒன்று, இரண்டு” என்று எழுதினோம், மதிப்பெண்ணும் பெற்றோம். அந்த இரண்டு ஏன் இரண்டு என்று நமக்குத் தெரியாது. நீரின் சூத்திரத்தில் ஆக்ஸிஜன் அணு ஒன்றைக் கூட்டி எழுதினால் கணக்கு எளிதில் முடியுமே என்று ஒரு நாள் கேட்டோம். “அப்படி எழுதக் கூடாது” என்ற விடை கிடைத்தது. ஏன் கூடாது என்பது கிடைக்கவில்லை. சூத்திரத்தில் ஓர் அணுவைக் கூட்டினால் அது நீராக இராது, புண் கழுவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடாகிவிடும். கணக்கு முட்டவில்லை என்பதற்காக அரிசியைச் சீனி என்று எழுதுகிற கடைக்காரனை யாராவது ஒப்புவாரா? மூட்டையின் எண்ணிக்கையைத் திருத்தலாம், மூட்டைக்குள் இருப்பதை மாற்றி எழுதக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை நமக்கு அன்று ஒருவர் சொல்லியிருந்தால், பத்து ஆண்டுகள் பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

நிற்க. நாம் கிராணி வேலைக்குச் சேர்ந்த முதல் தோட்டத்தில் செம்பனையோடு கொஞ்சம் ரப்பரும் இருந்தது. ஒரு நாள் ஸ்டோரில் பால் உறையவில்லை. ஆசிட் ஊற்றுகிறவர் வழக்கமான அளவே ஊற்றியிருந்தார். ஆயினும் “ஆசிட்டில் கை வைத்துவிட்டான்” என்ற பழி அவர்மேல் விழுந்தது. அவர் எழுத்தறியாதவர், வாய் திறவாமல் நின்றார். நாமும் பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாளாவிருந்தோம். இரவு வீட்டிற்குச் சென்று பழைய பாடப் புத்தகத்தைப் புரட்டிய போதுதான் விஷயம் விளங்கிற்று. அன்று மழைக்கு அஞ்சி, பால் வழியில் உறைந்துவிடாதிருப்பதற்காக, காட்டிலேயே அமோனியாவை அதிகமாகக் கலந்திருந்தனர். அமோனியா காரம், பார்மிக் ஆசிட் அமிலம். பாலை உறைய வைக்கப் போகுமுன் அமிலம் அமோனியாவோடு சேர்ந்து உப்பாகி முடிந்துவிடும்.

எவ்வளவு முடியும்? இங்கேதான் அளவுக் கணக்கு வருகின்றது. ஒரு மூலக்கூறு அமோனியாவுக்கு ஒரு மூலக்கூறு பார்மிக் அமிலம். அமோனியாவின் மூலக்கூறு எடை 17, பார்மிக் அமிலத்தின் எடை 46. ஆகவே 17 கிராம் அமோனியா 46 கிராம் அமிலத்தை விழுங்கும். ஆயிரம் லிட்டர் பாலில் அரைக் கிலோ அமோனியா கூடுதலாகக் கலந்திருந்தால், 500 ஐ 17 ஆல் வகுத்து 46 ஆல் பெருக்க, ஏறக்குறைய 1,350 கிராம் அமிலம் வீணாகும். பீப்பாயில் வருவது நூற்றுக்கு 85 பங்கு அமிலமானால், அதில் 1,600 கிராம் அளவு கூட்டியிருக்க வேண்டும். அதன் பின்னர் ஊற்றுவதே பாலின் புரதத்திலுள்ள எதிர் மின்னேற்றத்தை நீக்கி ரப்பரைத் திரளச் செய்யும். ஐந்து வரிக் கணக்கு. இந்த ஐந்து வரி அன்று காலையில் நமக்குத் தெரிந்திருந்தால் ஒரு நிரபராதி தலைகுனிந்து நின்றிருக்கமாட்டார். பரீட்சையில் இதே கணக்குக்கு நாம் முழு மதிப்பெண் வாங்கியவர் என்பதை வெட்கத்தோடு எழுதுகின்றோம்.

இரசாயனம் ரிஷிகளின் இரகசியமன்று. கணக்கரின் தொழிலிலிருந்து வளர்ந்த வித்தை. பிரான்ஸ் தேசத்து லவாய்சியே என்பவர் வரிவசூல் குத்தகையில் பங்கு வைத்திருந்தவர். வரவு செலவு பார்த்துப் பழகியவர். சோதனைக்கு முன்னும் பின்னும் எல்லாவற்றையும் தராசில் நிறுத்தார். மூடிய பாத்திரத்தில் எது எரிந்தாலும் மொத்த எடை குறைவதில்லை என்று காட்டினார். 1789 இல் வெளிவந்த அவர் நூல், போனது எங்கே என்று கேட்பதையே இரசாயனத்தின் முதற் கேள்வியாக்கிற்று. அதே வரிவசூல் தொழிலுக்காக 1794 இல் புரட்சிக்காரர்கள் அவர் தலையை வாங்கினர் என்பது வேறு கதை. ஜெர்மானியராகிய ரிக்டர் 1792 இல் இந்த அளவுக் கணக்குக்குக் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஒரு பெயர் சூட்டினார். மூலப்பொருளை அளப்பது என்பதே அதன் பொருள். பெரட்டில் ஆளெண்ணி, ஸ்டோரில் பால் நிறுத்து, மாதக் கடைசியில் வரவையும் செலவையும் முட்ட வைக்கின்ற நம்மவருக்கு இது அந்நியமான வித்தையென்று எந்த வாயால் சொல்வது?

அடுத்து ரெடாக்ஸ். இதில்தான் மந்திரப் போதனை முற்றாகக் கவிழ்ந்து போகின்றது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண் கழுவிய ஊதா நிற பெர்மாங்கனேட்டை நம் பாட்டிமார் அறிவர். அது அமிலக் கரைசலில் இரும்பு அயனியோடு வினைபுரிவது பரீட்சைகளில் தவறாமல் வரும் உதாரணம். மாணாக்கன் ஒருவன் இப்படி எழுதுகின்றான்: ஒரு பெர்மாங்கனேட், ஓர் இரும்பு, எட்டு ஹைட்ரஜன் அயனி, இவை சேர்ந்தால் ஒரு மாங்கனீஸ், ஓர் இரும்பு, நான்கு நீர். அணுக்களை எண்ணிப் பாருங்கள். மாங்கனீஸ் ஒன்றுக்கொன்று. இரும்பு ஒன்றுக்கொன்று. ஆக்ஸிஜன் நான்குக்கு நான்கு. ஹைட்ரஜன் எட்டுக்கு எட்டு. எல்லாம் முட்டிவிட்டது. ஆயினும் விடை தவறு!

ஏன்? பேரேட்டில் இன்னொரு பத்தி இருக்கின்றது. அவன் அதைப் பார்க்கவில்லை. அது மின்னேற்றப் பத்தி. இடப்பக்கத்தில் பெர்மாங்கனேட்டுக்கு எதிரேற்றம் 1, இரும்புக்கு நேரேற்றம் 2, ஹைட்ரஜனுக்கு 8. கூட்டினால் நேர் 9. வலப்பக்கத்தில் மாங்கனீஸுக்கு 2, இரும்புக்கு 3. கூட்டினால் நேர் 5 மட்டுமே. நான்கு காணவில்லை. மாங்கனீஸ் ஏழாம் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு இறங்க ஐந்து எலக்ட்ரான்கள் வாங்க வேண்டும். ஓர் இரும்பு ஒன்றைத்தான் கொடுக்கும். மீதி நான்கைக் கொடுத்தவர் யார்? கொடுத்தவர் பெயரையே எழுதாமல் கணக்கை மூடிவிட்டான். ஐந்து இரும்பு என்று எழுதினால் இடப்பக்கம் 17, வலப்பக்கமும் 17. அணுவும் முட்டும், ஏற்றமும் முட்டும். ரெடாக்ஸ் பாடத்தின் சாரம் இதுதான்: வாங்கியவர் ஒருவர் இருந்தால் கொடுத்தவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும். ஒரு பத்தி முட்டியதனாலேயே கணக்கு முட்டியதாகாது.

இந்தப் பாடத்தை நம் தோட்டங்களின் மேல் வைத்துப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் அதற்குப் பின்னர்ச் சில காலமும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் களை கொல்லச் சோடியம் ஆர்சனைட்டைத் தெளித்தனர். வெள்ளைப் பாஷாணத்தைக் காரச் சோடாவில் கரைத்தால் உண்டாவது அது. பாஷாணம் 198 பங்கு, சோடா 80 பங்கு. கிடைப்பது ஆர்சனைட் 260 பங்கு, நீர் 18 பங்கு. இரு பக்கமும் 278. எடைப் பத்தி அழகாக முட்டுகின்றது! அதைக் கையில் ஏந்தித் தெளித்தவர் நம்மவர். அவர் உடம்புக்கு அந்தப் பேரேட்டில் பத்தியில்லை.

பின்னர் 1960 களில் பாராகுவாட் வந்தது. இதன் செயல் முழுவதும் ரெடாக்ஸ். பச்சை இலையில் வெயில் பட்டு ஓடுகின்ற எலக்ட்ரான் ஒன்றை இது பிடுங்கும், உடனே அதை ஆக்ஸிஜனுக்குக் கொடுத்துத் தான் பழைய பாராகுவாட்டாகவே திரும்பும், மீண்டும் பிடுங்கும். எலக்ட்ரானைப் பெற்ற ஆக்ஸிஜன் சூப்பராக்ஸைடு என்னும் கொடிய பொருளாகி இலையின் உயிரணுக்களைக் கருக்கும். மனிதன் உடம்பில் புகுந்தால், நுரையீரலின் உயிரணுக்கள் இதைத் தேடி உள்ளே இழுத்துக்கொள்ளும். அங்கும் அதே பிடுங்கல், அதே கொடுத்தல். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் திணறுகிறவனுக்கு ஆக்ஸிஜன் கொடுப்பதுகூட அத்தீயில் நெய் வார்ப்பதாகிவிடும் என்பதால் வைத்தியர்கள் அதைக் கூடியவரை தள்ளிப்போடுவர்.

இனி வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வினையின் இரு படிகளையும் கூட்டி ஒரே சமன்பாடாக எழுதினால், பாராகுவாட் இடப்பக்கத்திலும் இருக்கும், வலப்பக்கத்திலும் இருக்கும். “இரு பக்கமும் இருப்பதை அடித்துவிடு” என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கின்றனர். அடித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? உடம்பு எலக்ட்ரானைக் கொடுத்தது, ஆக்ஸிஜன் வாங்கிற்று, அவ்வளவே. குற்றவாளியின் பெயர் காகிதத்தில் இல்லை! விதியை மந்திரமாகக் கற்றவன் இந்த விடையோடு திருப்தியடைவான். கணக்காகக் கற்றவனோ, “அடிபட்டுப் போனது எது, அது எத்தனை முறை திரும்பி வந்தது, இழந்தவர் யார்?” என்று கேட்பான். சிறிதளவு பாராகுவாட் ஏன் பேரழிவு செய்கின்றது என்பது அந்தக் கேள்வியில்தான் விளங்கும். தான் செலவாகாத பொருளை எடைக்கு எடை கணக்கிட்டு “கொஞ்சம்தானே” என்று சொல்வது அறியாமை.

இப்படிச் சொன்னவர் யார்? நாமே சொன்னோம். களைமருந்து கொடுக்கும் புத்தகம் கிராணியின் கையில் இருந்தது. தேதி, பிளாக் எண், லிட்டர், ஏக்கர், கையொப்பம் என்று பத்திகள். ஒவ்வொரு மாதமும் அது முட்டிற்று. மருந்தடித்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர் ஒருமுறை நம்மிடம் கேட்டார்: “கிராணி, நான் எத்தனை டின் அடித்தேன் என்று உங்கள் புத்தகத்தில் இருக்கும். எத்தனை நாள் மூக்கில் இரத்தம் வந்தது என்று இருக்குமா?” நாம் விடை சொல்லவில்லை, விடை இல்லை. அவர் கேட்டது இரண்டாம் பத்தி. பள்ளிக்கூடத்தையே மிதித்திராத அவ்வம்மையார் ரெடாக்ஸின் சாரத்தைக் கேட்டுவிட்டார். அதில் மதிப்பெண் பெற்ற நாம் கேட்கவில்லை.

நாட்டின் கணக்கையும் பார்க்கலாம். தெனாகனித்தா என்னும் அமைப்பு, பூச்சிமருந்துகளை எதிர்க்கும் ஆசிய பசிபிக் அமைப்போடு சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி 2002 இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. தலைச்சுற்றலும், மூச்சு முட்டலும், தோல் நோயும் அதிலே பதிவாயின. அவ்வாண்டிலேயே மலேசிய அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006 இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி 1 ஆம் தேதிதான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. சுவீடன் 1983 இலும் சுவிட்சர்லாந்து 1989 இலும் இதை நிறுத்திவிட்டன. கழித்துப் பார்த்தால் ஒன்றுக்கு 37 ஆண்டுகள், மற்றொன்றுக்கு 31 ஆண்டுகள். இந்த ஆண்டுகளை யாருடைய உடம்பிலிருந்து கொடுத்தோம்? “விலை மலிவு, களை விரைவில் சாகும்” என்பது ஒரு பத்தி. அது முட்டியதென்று சொன்னவர்களுக்கு மற்றப் பத்தியைக் காட்ட, நம்மிடையே இரசாயனம் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்தனர்?

“சமன்பாடு படித்துவிட்டால் விஷம் விலகிவிடுமா?” என்று சிலர் கேட்கலாம். விலகாது. தடை கொண்டுவந்தது சமன்பாடன்று, போராடியவர்களின் உழைப்பு. ஆனால் போராடுகிறவனுக்குக் கேள்வி வேண்டும். கேள்விக்குக் கணக்கு வேண்டும். பாராகுவாட் போயிற்று, வேறு மருந்துகள் வந்திருக்கின்றன. தெளிக்கின்றவர்களிலே இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள் பலர். இடம் மாறியதே ஒழியப் பத்தி திறக்கப்படவில்லை. நம் பெண்களுக்கு நேர்ந்ததைப் பிறர் பெண்களுக்கு நேர விட்டுவிட்டு, நாம் நகரத்துக்குக் குடிபோய்விட்டோம் என்று மகிழ்வது மனிதத்தன்மையாகாது.

“இதையெல்லாம் தமிழில் விளக்க முடியுமா?” என்பது படித்தவர்களின் ஆட்சேபம். நாமும் ஆங்கிலத்தில் படித்தவரே. ஆகையால் துணிந்து சொல்லுகின்றோம். யாழ்ப்பாணத்தில் தொண்டாற்றிய அமெரிக்க வைத்தியர் கிறீன் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் 1875 இலேயே தமிழில் அச்சேறிற்று. சேலத்தில் 1916 இல் தமிழ் விஞ்ஞானச் சொற்களுக்கென்றே ஒரு பத்திரிகை நடந்தது. இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்கு இரசாயனத்தைத் தமிழிலேயே எழுதுகின்றனர். ரெடாக்ஸை அவர்கள் ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்பர். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பிலும் இரசாயனத்தைத் தமிழில் எழுதுகின்றனர். முடியாதென்பது வரலாறு அறியாத பேச்சு. பரீட்சையை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதட்டும். அதில் நமக்குச் சண்டையில்லை. ஆனால் “ஏன் இரண்டு?” என்ற கேள்வி பிள்ளைக்கு எந்த மொழியில் தோன்றுகின்றதோ, அந்த மொழியில் விடை சொல்ல ஒருவராவது வேண்டாமா? மொழி மாறினால் மந்திரம் கணக்காகிவிடாது என்பதற்கு நாமே சாட்சி.

ஆகவே உபாத்தியாயர்களை வேண்டிக்கொள்ளுகின்றோம்: விடையை மனனம் செய்விப்பதை நிறுத்துங்கள். தெரியாத பிள்ளையைக் கலை வகுப்புக்குத் தள்ளுவதற்கு முன், அதற்கு விளங்கும்படி ஒருமுறை சொன்னோமா என்று உங்களையே கேளுங்கள். பெற்றோரை வேண்டிக்கொள்ளுகின்றோம்: பரீட்சைக்கு முன் பேனாவைச் சாமி காலடியில் வைப்பதில் செலவாகும் ஊக்கத்தில் பாதியையாவது, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து “இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்பதில் செலவிடுங்கள். உங்களுக்கு விடை தெரிய வேண்டியதில்லை, கேட்டால் போதும். நம் இனத்துக் கிராணிமாருக்கும் ஒரு சொல்: கணக்கு நமக்குச் சோறு போடுகின்றது. வாரத்தில் ஒரு மாலை தோட்டத்து மண்டபத்திலோ தாமானிலோ நான்கு பிள்ளைகளைக் கூட்டி, எடை, விகிதம், வரவு, செலவு என்று நம் பாஷையிலேயே சொல்லிக்கொடுக்க நம்மால் முடியாதா? அமோனியாவும் ஆசிட்டும் பட்ட கதையைச் சொல்லி 17 ஐயும் 46 ஐயும் எழுதிக் காட்டுங்கள். பிறகு புத்தகத்துக் கணக்கைக் கொடுங்கள், பயப்படுமா பாருங்கள்.

நாம் இவ்வாண்டு அப்படி ஒரு சிறு வகுப்பைத் தொடங்கியிருக்கின்றோம். சென்ற வாரம் நான்காம் படிவப் பெண் ஒருத்தி பெர்மாங்கனேட் கணக்கை எழுதி, அணுக்கள் முட்டியதைப் பார்த்து மகிழ்ந்து, பேனாவை வைக்கப் போனாள். வைக்காமல், “மாமா, இன்னொரு பத்தியும் பார்க்க வேண்டுமே” என்று சொல்லிவிட்டு மறுபடி எண்ணத் தொடங்கினாள். இந்த ஒரு பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டால், மேலே சொன்ன சாஸ்திரம் தானே செத்துப்போகும். நாளை ஒரு தோட்டத்துப் புத்தகத்தையோ ஒரு மருந்துப் புட்டியின் சீட்டையோ அவர்கள் கையில் எடுக்கும்போதும் இரண்டாம் பத்தி எங்கே என்று கேட்பார்கள். அன்று அவர்களுக்கு விடை சொல்ல வேண்டியவர்களில் நாமும் ஒருவர்.